பழைய நண்பரைக் காணச் சென்ற இருவர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நட்பு என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். தமிழர் அவையில் இப்பொருளைத் தொட்டவுடன் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் தாமாகவே வந்து நிற்பர். வடக்கிருந்த சோழன், தான் கண்ணால் கண்டிராத பாண்டிநாட்டுப் புலவர் ஒருவருக்குத் தன் அருகில் இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான். உடனிருந்தோர் ஐயுற்றனர். ஆயினும் ஆந்தையார் வந்து சேர்ந்தார். பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த வரலாறு இது. ஆதலின் அதனை விரித்துரைத்து உங்கள் பொழுதைக் கவர விரும்பவில்லை. நண்பருக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்தல் என்னும் அந்த ஒரு செய்தியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டி, வேறு நிலத்தில் நிகழ்ந்த வேறொரு நட்பின் வரலாற்றைக் கூறப் புகுகிறேன்.

1874 ஆம் ஆண்டில் ஆப்பிரிக்கர் இருவர் கடல் கடந்து இங்கிலாந்து சென்றனர். ஒருவர் சூமா, மற்றவர் சூசி. சூமா சிறுவனாக இருந்த காலத்தில் அவருக்கு அடைக்கலம் தந்தது ஒரு கிறிஸ்தவ மிஷன். அம்மிஷனில் ஊழியம் செய்த பழைய நண்பர் ஒருவரைப் பத்தாண்டுகளுக்குப் பின் அவர் மீண்டும் கண்டது அப்பயணத்தில்தான். ‘இதற்கும் மும்பைத் தமிழராகிய நமக்கும் என்ன தொடர்பு?’ என்று சிலர் கேட்கக் கூடும். சூமா இந்நகரில் பள்ளியிற் பயின்றவர். சூசி இந்நகரத் துறைமுகத்தில் கூலி வேலை செய்தவர். பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பிடம் தேடி இக்கரையில் வந்து இறங்கியோர் வரிசையில் நமக்கு மூத்தவர்கள் அவர்கள். அவர்களுடைய கதையை நாம் அறிந்திருத்தல் முறையே.

தொடக்கத்திலிருந்து சொல்லுகிறேன். 1861 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள். இன்று மலாவி என வழங்கும் நாட்டின் ஷயர் மேட்டு நிலத்தில், அடிமை வாணிகர் கூட்டமொன்று சிறைப்பட்ட மக்களைக் கடற்கரை நோக்கி ஓட்டிச் சென்றுகொண்டிருந்தது. ஆடவர் கழுத்துகள் கவைக்கோல்களில் மாட்டப்பட்டிருந்தன. பெண்டிரும் சிறுவரும் கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்தனர். டேவிட் லிவிங்ஸ்டன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர், பிஷப் மெக்கன்சி என்பாருடன் அவ்வழியே வந்தார். ஆங்கிலேயரைக் கண்டதும் வாணிகர் ஓடி மறைந்தனர். கவைக்கோல்கள் அறுக்கப்பட்டன, அன்று விடுதலை பெற்றோர் 84 பேர். யாவோ இனத்துச் சிறுவனாகிய சூமா அவர்களுள் ஒருவன்.

விடுதலை பெற்றோர் எங்கே போவர்? ஊர்கள் எரிந்து கிடந்தன. உற்றார் சிதறிப் போயினர். ஆகவே மிஷன் அவர்களையே தன் குடும்பமாக ஏற்று, மகோமேரோ என்னும் இடத்தில் குடியமர்ந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய பல்கலைக்கழகங்களின் ஆதரவில் தோன்றிய மிஷன் அது. அதன் உலகியற் பொறுப்புகளை, அதாவது உணவு, உடை, பண்டசாலை, குடில் கட்டுதல் ஆகியவற்றை, ஏற்றவர் ஹொரேஸ் வாலர் என்னும் இளைஞர். அப்போது அவர் குருப்பட்டம் பெற்றவர் அல்லர். முப்பது வயதை ஒட்டியவர். ஆன்ம விசாரத்தைப் பிறர் பார்த்துக்கொள்ள, பிள்ளைகளுக்கு இன்றைய உணவுக்குத் தானியம் உண்டா என்று பார்த்தவர் இவரே. சிறுவர் நெஞ்சில் நிலைத்து நிற்பவர் எத்தகையோர் என்பது பிள்ளை வளர்த்த தாய்மார்களுக்குத் தெரியும்.

அம்மிஷன் நீடிக்கவில்லை. பஞ்சமும் காய்ச்சலும் சூழ்ந்தன. பிஷப் மெக்கன்சி 1862 ஜனவரி 31 அன்று காய்ச்சலால் இறந்தார். பின்வந்த பிஷப் டோசர் 1864 இல் மிஷனை அங்கிருந்து எடுத்துச் சான்சிபார்த் தீவுக்குக் கொண்டுசென்றார். விடுவிக்கப்பட்ட மக்களை அங்கேயே விட்டுவிடுதல் தகாது என்று வாலர் வாதாடினார். சொல் ஏறாத நிலையில் பதவியைத் துறந்து, அவர்களுட் பலரைத் தாமே கப்பலேற்றிக் கேப் நாட்டிற்கு அழைத்துச் சென்று வாழ்வுக்கு வழி செய்தார். வாலரைப் பற்றிப் பின்னர் நான் வேறு சில சொற்களும் கூற வேண்டியிருக்கும். அப்போதும் இச்செயலை மறவாதீர்கள்.

சூமா கேப் நாட்டிற்குச் செல்லவில்லை. அவனும் விக்கடானி என்னும் மற்றொரு சிறுவனும் லிவிங்ஸ்டனுடன் தங்கினர். சாம்பேசி ஆற்றங்கரையில் உள்ள சுபங்கா என்னும் ஊரில், நீராவிக் கலத்திற்கு விறகு வெட்டும் வேலையில் சேர்ந்த சூசியும் அமோடாவும் அவர்களோடு இருந்தனர். அதே சுபங்காவில்தான் லிவிங்ஸ்டனின் மனைவி மேரி 1862 இல் இறந்து அடக்கம் செய்யப்பட்டிருந்தார்.

லிவிங்ஸ்டன் தம் சொந்தப் பணத்தில் கட்டிய ‘லேடி நியாசா’ என்னும் சிறு கலத்தை விற்க வேண்டியிருந்தது. போர்த்துகீசியர் வாங்கிக்கொள்ள முன்வந்தனர். அது அடிமைகளை ஏற்றும் கலமாகிவிடும் என்று அஞ்சி அவர் மறுத்தார். தாமே மாலுமியாகி, சான்சிபாரிலிருந்து 1864 ஏப்ரல் 30 அன்று புறப்பட்டு, ஏறத்தாழ 2,500 மைல் கடலைக் கடந்து, 45 நாட்களில் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தார். அவ்வளவு சிறிய கலம் வந்து நின்றதைத் துறைமுகத்தார் கவனிக்கவும் இல்லையாம்.

அந்நாளைய பம்பாய், அமெரிக்க உள்நாட்டுப் போரின் விளைவாகப் பருத்தி விலை ஏறிப் பணத்தில் மிதந்த நகரம். சூசியும் அமோடாவும் துறைமுகத்தில் வேலைக்கு அமர்ந்தனர். சிறுவர் இருவரும் ஸ்காட்லாந்து சபையைச் சேர்ந்த டாக்டர் ஜான் வில்சனிடம் ஒப்படைக்கப்பட்டனர். சௌபாத்திக் கடற்கரை எதிரில் நாம் நாள்தோறும் காணும் வில்சன் கல்லூரி அப்பெரியாரின் பெயர் தாங்கியதே. சூமா ஆங்கிலம் கற்றது இங்கேதான். ஜேம்ஸ் என்னும் பெயருடன் 1865 இல் திருமுழுக்குப் பெற்றதும் இங்கேதான். கலம் என்னவாயிற்று என்று கேட்பீர்களாயின், 6,000 பவுனுக்குக் கட்டியது 2,300 பவுனுக்கு விலை போயிற்று. அப்பணத்தை இட்டு வைத்த வங்கியும் நொடித்துப் போயிற்று. பங்குச் சந்தைக் கதைகள் இந்நகருக்குப் புதியன அல்ல.

1865 இல் லிவிங்ஸ்டன் திரும்பி வந்தார். ஆளுநர் சர் பார்ட்டில் ஃபிரேயர் அவருக்கு நண்பர். நாசிக்கில், ஆங்கிலத் திருச்சபையின் மிஷன் சொசைட்டி நடத்திய பள்ளியொன்றில், ஆங்கிலக் கடற்படை நடுக்கடலில் அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்டுக் கொணர்ந்த ஆப்பிரிக்கச் சிறுவர் வளர்ந்துவந்தனர். தச்சும் கொல்லும் எழுத்தும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. அவ்விடத்தின் பெயர் சரண்பூர். சரண் என்னும் சொல்லுக்கு நான் உரை கூற வேண்டுவதில்லை. அடைக்கலவூர் என்று நாம் தமிழில் சொல்லலாம். இன்று நாசிக்கில் சரண்பூர்ச் சாலை என்று கேட்டால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். அப்பெயருக்குள் இத்தனை கண்ணீர் அடங்கியுள்ளது. அங்கிருந்து ஒன்பது இளைஞர் லிவிங்ஸ்டனுடன் சேர்ந்தனர். 1866 ஜனவரியில் ‘தூல்’ என்னும் கப்பலில் அவர்கள் அனைவரும் பம்பாயை விட்டு ஆப்பிரிக்கா நோக்கிப் புறப்பட்டனர். இந்தியச் சிப்பாய்கள் 13 பேரும் உடன் சென்றனர். சிப்பாய்கள் பாதி வழியிலேயே திருப்பியனுப்பப்பட்டனர். அக்கதை நமக்குப் பெருமை தருவதன்று, விடுவோம்.

அடுத்த ஏழாண்டு அலைச்சலை நான் விவரிக்கப் போவதில்லை. நைல் ஆற்றின் மூலத்தைத் தேடிய அப்பயணம் பற்றி நூல்கள் பல உள. வந்தோருட் பலர் விலகிச் சென்றனர். விக்கடானி நியாசா ஏரிக்கரையில் தன் உற்றாரைக் கண்டதாகக் கூறித் தங்கிவிட்டான். 1868 இல் சூமாவும் சூசியும்கூட ஒருமுறை உடன்வர மறுத்து நின்றதுண்டு. தம்மிடமும் குறைகள் உள்ளன என்று எண்ணிய லிவிங்ஸ்டன் அவர்களை மீண்டும் ஏற்றுக்கொண்டார். இதனை ஏன் சொல்லுகிறேன் எனின், பிற்காலத்தார் அவ்விருவரையும் மறுப்புரை அறியாத பொம்மைகளாக எழுதிவிட்டனர். மறுக்கத் தெரிந்தவர்கள், மறுத்தும் இருக்கிறார்கள். பின்னர்த் தாமே விரும்பி உடனிருந்தார்கள். 1871 இல் உஜிஜியில் ஸ்டான்லி வந்து லிவிங்ஸ்டனைக் கண்டபோது, கூட்டத்தினின்று முன்னே ஓடிவந்து ஆங்கிலத்தில் காலை வணக்கம் கூறி அவரைத் திகைக்க வைத்தவர் சூசி. மறு ஆண்டு ஸ்டான்லி சான்சிபாரிலிருந்து அனுப்பிய சுமையாளர் கூட்டத்தில் நாசிக் பள்ளி மாணவர் சிலர் மேலும் வந்து சேர்ந்தனர். ஜேக்கப் வெயின்ரைட் என்பார் அவர்களுள் ஒருவர்.

1873 மே முதல் நாளை ஒட்டி, இன்றைய சாம்பியா நாட்டில், சித்தாம்போ என்னும் தலைவனின் ஊரில் லிவிங்ஸ்டன் இறந்தார். கட்டிலருகே முழந்தாளிட்ட நிலையில் உயிர் பிரிந்திருந்தது. வாயிலில் படுத்திருந்த சிறுவன் சென்று எழுப்பியது சூசியைத்தான்.

அன்பர்களே, அந்த விடியற்காலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். எசமானர் இறந்தார். சம்பளம் தருவார் இல்லை. கணக்குக் கேட்பாரும் இல்லை. மழை நீங்காத சதுப்பு நிலம். ஏறத்தாழ அறுபது பேர் கொண்ட கூட்டம். பெட்டிகளைப் பங்கிட்டுக்கொண்டு அவரவர் வழியே போயிருந்தால் உலகில் யாரும் அறிந்திரார். பிணத்தோடு பயணம் செய்தலோ அந்நாட்டில் உயிருக்கே ஊறு விளைவிப்பது. வழியிலுள்ள ஊரார் அஞ்சுவர், பகைப்பர். சித்தாம்போவே அங்கேயே அடக்கம் செய்துவிடுமாறு அறிவுரை கூறினான். அவர்கள் கூடிப் பேசி, உடலைக் கடற்கரைக்குக் கொண்டுசென்று அவருடைய மக்களிடம் சேர்ப்பதென்று முடிவு செய்தனர். அம்முடிவை அவர்களுக்கு யாரும் கட்டளையிடவில்லை.

இதயமும் குடலும் எடுக்கப்பட்டு ஒரு மரத்தடியில் புதைக்கப்பட்டன. நாசிக் மாணவர் ஜேக்கப் அடக்க வழிபாட்டு நூலைப் படித்தார். மரத்தின் பட்டையைச் செதுக்கிப் பெயரையும் நாளையும் பொறித்தார். பெட்டிகளில் இருந்த பொருள் ஒவ்வொன்றையும் பட்டியல் எழுதினார். உடலை உப்பிட்டுப் பதினான்கு நாள் வெயிலில் உலர்த்தினர். துணியில் சுற்றி, மரப்பட்டையில் பொதிந்து, மேலே பாய்த்துணி தைத்து, ஒரு கழியில் கட்டித் தூக்கினர். ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட வழி. ஒன்பது மாத நடை. அமோடாவின் மனைவியும் லிவிங்ஸ்டனுக்குச் சமைத்துப் போட்டவருமான ஹலீமாவும், சூமாவின் மனைவி நடாவோகாவும் அக்கூட்டத்தில் இருந்தனர். தாய்மார்கள் இப்பெயர்களைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பதக்கமும் பாராட்டும் வந்த காலத்தில் இவர்களைப் பற்றிப் பேசியோர் குறைவு.

வழியில், உன்யான்யெம்பே என்னும் இடத்தில், லிவிங்ஸ்டனைத் தேடி வந்த ஆங்கிலக் கடற்படை அதிகாரி கேமரன் அவர்களைச் சந்தித்தார். உடலை அங்கேயே அடக்கம் செய்துவிடலாமே என்றார் அவர். இவர்கள் இசையவில்லை. ஆங்கில அதிகாரி ஒருவரின் யோசனையை ஏற்க மறுத்த அத்துணிவு அந்நாளில் எளிதன்று. அதன்பின் ஓரிடத்தில் ஊரார் பிணத்தை விடமாட்டோம் என்று தடுத்தனர். இவர்கள் ஒரு சூழ்ச்சி செய்தனர். கழிகளைத் துணியில் சுற்றிப் பிணம்போற் செய்து, ‘இதோ, அடக்கம் செய்யத் திருப்பி அனுப்புகிறோம்’ என்று பலரறியச் சிலரோடு அனுப்பினர். போனவர்கள் காட்டில் அதனைப் பிரித்து எறிந்துவிட்டு இரவில் வந்து சேர்ந்துகொண்டனர். மெய்யான உடலோ, சாதாரணத் துணி மூட்டை போலக் கட்டப்பட்டு, மற்ற சுமைகளோடு சுமையாய்ச் சென்றது. 1874 பிப்ரவரியில் பாகமோயோக் கடற்கரையில் அதனை ஒப்படைத்தனர். நாட்குறிப்புகளும் கருவிகளும் உடன் வந்தன.

இனித்தான் நான் சொல்ல வந்த செய்தி.

சான்சிபாரில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி உடலைப் பெற்றுக்கொண்டு, வந்தோர்க்குரிய சம்பளத்தைக் கணக்குத் தீர்த்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். இங்கிலாந்துக்கு உடலோடு செல்ல சூமாவுக்கும் சூசிக்கும் இடம் இல்லை. சென்றவர் ஜேக்கப் ஒருவரே; அவருக்கு மிஷன் சொசைட்டி வழிச்செலவு அளித்தது. அவர் படித்தவர், ஆங்கிலம் எழுத வல்லவர், சொசைட்டியின் பிள்ளை. அவர் சென்றதில் எனக்குக் குறையில்லை. எழுத்தறிந்தவனுக்கு எங்கும் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. தோளில் சுமந்தவனுக்குக் கிடைப்பதில்லை என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

‘மால்வா’ என்னும் கப்பல் ஏப்ரல் 15 அன்று சவுத்தாம்ப்டனை அடைந்தது. முன்னொரு காலத்தில் சிங்கம் கடித்து ஒடித்த இடக்கை எலும்பின் வடுவைக் கொண்டு, இது லிவிங்ஸ்டனின் உடலே என்று மருத்துவர் உறுதி கூறினர். ஏப்ரல் 18 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கோயிலில் மாபெருங் கூட்டத்தின் நடுவே அடக்கம் நிகழ்ந்தது. சவப்பெட்டியின் இருமருங்கும் சென்ற எண்மருள் ஸ்டான்லி இருந்தார், வாலர் இருந்தார், ஜேக்கப் இருந்தார். ஒன்பது மாதம் காத்துக் கொணர்ந்தவர்களின் தலைவர் இருவர் அன்று அக்கோயிலில் இல்லை.

இக்குறையை உணர்ந்த ஒருவர் இருந்தார். அவர் ஜேம்ஸ் யங் என்னும் இரசாயன அறிஞர். பாரஃபின் எண்ணெய்த் தொழிலில் பொருள் ஈட்டியவர். லிவிங்ஸ்டனும் அவரும் கிளாஸ்கோவில் கல்லூரிக் காலத்திலேயே நண்பர்கள்.  அவர் தம் சொந்தச் செலவில் சூமாவையும் சூசியையும் இங்கிலாந்துக்கு வரவழைத்தார். அவர்கள் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது.

இருவரும் வாலரின் இல்லத்தில் தங்கினர். வாலர் அதற்குள் குருப்பட்டம் பெற்று, அவ்வாண்டில் நார்தாம்ப்டன்ஷயரில் டுவிவெல் என்னும் சிற்றூரின் குருவாக அமர்ந்திருந்தார். மகோமேரோவில் பசித்த சிறுவனாக அவர் கண்ட சூமா இப்போது முழு வளர்ச்சி பெற்ற ஆடவர். பெருங்கூட்டத்தை நடத்தி வந்த தலைவர். வாலருக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டது. நம்முள் ஊருக்குச் சென்று இளமைக்கால நண்பரைக் காண்போர் இதனை உணர்வர். முதல் நாள் முழுதும் பழைய பெயர்களைச் சொல்லுவதிலேயே கழியும். ‘அவர் என்ன ஆனார்? அந்தக் குடும்பம் எங்கே?’ என்று கேட்டுக்கொண்டிருப்போம். விடைகளுட் பல இறப்புச் செய்திகளாகவே இருக்கும். சூமாவும் வாலரும் பகிர்ந்துகொள்ள அத்தகைய பெயர்கள் எத்தனை! விடுதலை பெற்ற அந்த 84 பேர் இருந்தனர். மகோமேரோவில் காய்ச்சலுக்கு இரையான குருமார் இருந்தனர்.

ஆனால் வாலர் அவர்களோடு அமர்ந்தது பழங்கதை பேசுவதற்காக மட்டுமன்று. லிவிங்ஸ்டனின் இறுதி நாட்குறிப்புகளைப் பதிப்பிக்கும் பொறுப்பு அவர்மேல் இருந்தது. தாள் தீர்ந்த காலத்தில் லிவிங்ஸ்டன் பழைய செய்தித்தாள்களின் மேலேயே, ஒருவகைச் செடியின் சாற்றை மையாகக் கொண்டு, அச்செழுத்துகளுக்குக் குறுக்கே எழுதியிருந்தார். அதனைப் படித்தறிதல் அரிது. மேலும், ஏப்ரல் இறுதியோடு குறிப்பு நின்றுபோகிறது. பின் நிகழ்ந்தவற்றை அறிந்தவர் அவ்விருவரே. எந்த ஆற்றை எவ்விடத்தில் கடந்தனர், எவ்வூரில் யார் உணவு தந்தனர், இறந்த இரவில் யார் யார் குடிலுக்குள் சென்றனர் என வாலர் கேட்கக் கேட்க, அவர்கள் நினைவிலிருந்து விடை அளித்தனர். அவர்களுடைய நினைவாற்றலை வாலர் வியந்து போற்றியுள்ளார். நியூஸ்டெட் ஆபி என்னும் மாளிகையில், முன்னர் லிவிங்ஸ்டனின் விருந்தோம்பியாக இருந்த வெப் குடும்பத்தாரிடமும் அவர்கள் சென்று தங்கினர். கவிஞர் பைரன் வாழ்ந்த மாளிகை அது. லிவிங்ஸ்டன் இறந்த குடில் எவ்வாறு இருந்தது என்று காட்ட அங்கே ஒரு மாதிரிக் குடிலைக் கட்டினர். அங்கே எடுத்த நிழற்படம் ஒன்று இன்றும் உள்ளது. நாட்குறிப்புகளைச் சுற்றி வாலரும் லிவிங்ஸ்டனின் மகள் ஆக்னஸும் மகன் தாமஸும் அமர்ந்திருக்க, சூமாவும் சூசியும் ஐரோப்பிய உடையில் அவர்களுடனே காணப்படுகின்றனர்.

தந்தை இறந்த இடத்தைக் காண இயலாத மகளுக்கு அந்தக் குடில் எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும்! நம் ஊர்களில் இறந்தவரின் இறுதி நாட்களை உடனிருந்தார் ஒருவர் வந்து சொல்லும் வரை துக்கம் நிறைவெய்துவதில்லை. அச்சொல்லைக் கொண்டுசேர்த்த தூதர் இவர்கள்.

1874 இறுதியில் நூல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் தலைப்புப் பக்கத்திலேயே சூமா, சூசி ஆகிய இருவர் பெயரும் அச்சிடப்பட்டுள்ளன. அந்நாளில் இது சிறிய மதிப்பன்று. ஆனால் எவ்வாறு அச்சிடப்பட்டுள்ளன? லிவிங்ஸ்டனின் உண்மையுள்ள வேலைக்காரர்கள் என்று. நண்பர் என்னும் சொல் அங்கு இடம்பெறவில்லை. வாலர் அவர்களைத் தம் இல்லத்தில் அமர்த்தினார். உடனிருந்து உண்மையை நாடினார். ஆயினும் எழுதுகோலை எடுத்தபோது அவர் கை அவ்வளவு தூரமே சென்றது. நூலில் காணப்படுபவை வாலர் கேட்ட வினாக்களுக்கு உரிய விடைகளே. லிவிங்ஸ்டனைப் புனிதராகக் காட்ட வேண்டும் என்னும் ஆர்வத்தால் மூலத்தில் இருந்த கடுஞ்சொற்கள் சிலவற்றை வாலர் நீக்கியும் இருக்கிறார். டோரதி ஹெல்லி என்னும் அறிஞர் 1987 இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் இவற்றை எடுத்துக்காட்டினார். வாலரைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. விடுதலை பெற்ற மக்களுக்காகப் பதவியைத் துறந்த அவர் கைக்கே இவ்வளவு தயக்கம் இருந்ததாயின், மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல! இடம் ஒதுக்குதல் என்று தொடக்கத்தில் கூறினேன். மேசையில் இடம் தருவது எளிது. சொல்லில் இடம் தருவது அரிது.

அரச புவியியற் கழகம் பதக்கம் அடித்தது. அதன் தலைவர் நம் பழைய ஆளுநர் ஃபிரேயர் பெருமகனாரே. இறுதிவரை உண்மையாயிருந்தமையைப் போற்றும் வாசகம் அதில் பொறிக்கப்பட்டது. சூமாவும் சூசியும் தமக்குரியதைப் பெற்றனர். ஏனையோர்க்கான பதக்கங்கள் சான்சிபார் போய்ச் சேருமுன் அவர்களுட் பலர் பிழைப்பைத் தேடிச் சிதறிவிட்டனர். 1874 இல் இருவரும் சான்சிபார் திரும்பினர்.

திரும்பிய பின் சூமா, சிறுவயதில் தம்மைக் காத்த அதே மிஷனுக்கு உதவியாளராக அமைந்தார். 1875 இல் பிஷப் ஸ்டியர் யாவோ நாட்டுக்குள் சென்ற பயணத்தில் வழிநடத்தியவர் சூமா. மடாக்கா என்னும் தலைவனின் ஊராகிய ம்வெம்பே வரை சென்றனர். 1866 இல் லிவிங்ஸ்டனுடன் சூமா நடந்து வந்து தங்கிய அதே ஊர் அது. 1879 இல் கீத் ஜான்ஸ்டன் என்பார் தலைமையில் புவியியற் கழகம் அனுப்பிய குழுவுக்கும் சூமாவே சுமையாளர் தலைவர். ஜான்ஸ்டன் சில வாரங்களிலேயே இறந்தார். பொறுப்பு ஜோசப் தாம்சன் என்னும் இளைஞரிடம் வந்தது. வயது இருபதைச் சற்றே கடந்தவர். கூட்டத்தைக் குலையாமல் ஏரிகள் வரை கொண்டுசென்று திரும்பக் கொணர்ந்தது சூமாவின் திறமை என்று தாம்சனே போற்றினார். சூமா 1882 இல் சான்சிபாரில் காசநோயால் இறந்தார். சூசி ஸ்டான்லியோடு காங்கோ ஆற்றுப் பகுதியில் பணிபுரிந்தார். 1886 இல் சான்சிபாரில் திருமுழுக்குப் பெற்றபோது அவர் ஏற்ற பெயர் டேவிட். தம் பழைய தலைவரின் பெயரை அவர் எவ்வாறு எண்ணினார் என்பதற்கு வாலரின் நூலைவிட இதுவே எனக்குத் தெளிவான சான்று. 1891 இல் அவரும் மறைந்தார்.

நாசிக்கில் வளர்ந்தோர் கதையையும் ஒரு சொல்லில் முடிக்கிறேன். 1870களின் இடையில் மொம்பாசாவுக்கு எதிர்க்கரையில் மிஷன் சொசைட்டி ஒரு குடியிருப்பை நிறுவியது. ஃபிரேயரின் பெயரால் அது ஃபிரேயர் டவுன் எனப்பட்டது. சரண்பூரில் வளர்ந்த ஆப்பிரிக்கர் பலர் அங்கே சென்று குடியேறினர். அவ்வூரார் அவர்களுக்கு இட்ட பெயர் ‘பம்பாய் ஆப்பிரிக்கர்’ என்பதாம். பிறந்த மண்ணுக்குத் திரும்பியும் அயலூரார் என்றே அழைக்கப்பட்டனர். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ‘பம்பாய்க்காரர் வந்துவிட்டார்’ என்று நம்மை வரவேற்பார்களே, அதனை எண்ணி நீங்கள் நகைப்பதைக் காண்கிறேன். அவர்களுள் வில்லியம் ஜோன்ஸ், இஷ்மயேல் செம்லர் ஆகிய இருவர் 1885 இல் குருப்பட்டம் பெற்றனர். ஜேக்கப் வெயின்ரைட் சிறிது காலம் ஃபிரேயர் டவுனில் ஆசிரியராக இருந்து, பின்னர் உள்நாட்டில் பல இடங்களில் வாழ்ந்து 1892 இல் இறந்தார். லிவிங்ஸ்டனின் உடலோடு நடந்த நாசிக் மாணவருள் மாத்யூ வெலிங்டன் என்பார் நெடுங்காலம் வாழ்ந்தார். மொம்பாசாவில் 1935 இல் அவர் மறைந்தபோது, அந்நடையை நேரில் அறிந்தோர் வேறொருவரும் எஞ்சியிருக்கவில்லை.

சான்சிபாரில் பழைய அடிமைச் சந்தை இருந்த இடத்தில் பிஷப் ஸ்டியர் எழுப்பிய பெருங்கோயில் இன்றும் நிற்கிறது. அதனுள் ஒரு மரச்சிலுவை உள்ளது. சித்தாம்போவின் ஊரில் லிவிங்ஸ்டனின் இதயத்தைப் புதைத்த மரத்தினின்று எடுத்த கட்டையில் செய்தது அது. சுற்றுலா செல்லும் நம் அன்பர்கள் அக்கோயிலைக் காண நேர்ந்தால், அந்த மரத்தின் கீழ்க் குழி தோண்டியவர்களின் பெயரை உடன்வரும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.